எனக்குத் தெரிந்த ஒருவர்

பெப்ரவரி 4, ஞாயிறு

இந்த டயறியைத் தந்தது கம்பனி. ஜனவரி முடிவில் ஆலையை இழுத்து மூடப்போகிறவர்கள், மாத நடுவில் எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு டயறி தந்து கைகுலுக்கினார்கள். முன்னூற்று அறுபத்தாறு பக்கம். அதில் முப்பத்தொரு பக்கத்துக்குத்தான் எங்களுக்கு வேலை என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும். நான் ஒருவரையும் நம்பாதது இதனால்தான்.

கார்க் கதவுக்கு இறப்பர் செய்யும் ஆலை. இருபத்தொரு வருடம் அளவு பார்க்கும் வேலை. அரை மில்லிமீற்றர் பிசகினாலும் என் கண்ணில் படும். ஐம்பத்துநாலு வயதில் இனி என்னை யார் எடுக்கப்போகிறார்கள்? வேலை போனவர்களுக்கு அரசாங்கம் தரும் காசுக்கு விண்ணப்பித்துவிட்டேன். இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு, பதினாலு நாளுக்கு ஒருமுறை, கணினியில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் காசு வரும். அதுவும் மலரின் சம்பளமும் சேர்ந்தால்தான் ஸ்காபரோவில் இந்த வீடு எங்கள் கையில் நிற்கும். மலர் என் மனைவி. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை.

கீழ்த்தட்டில் வாடகைக்கு இருக்கும் ரூபன் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணை, இனி வீட்டிலைதானோ?"

"ஓம்."

"முழு நாளுமோ?"

நான் முழு நாளும் வீட்டில் இருந்தால் இவனுக்கு என்ன? எதற்கும் எழுதி வைக்கிறேன்.

பெப்ரவரி 11, ஞாயிறு

மலரின் ஒன்றுவிட்ட தங்கையின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள். வரும் சனிக்கிழமை சாமத்தியச் சடங்கு. பிள்ளை இங்கே பிறந்தது. சேலை கட்டி மூன்றடி வைத்தால் கொய்யகம், அந்த முன்மடிப்பு, காலுக்குள் வந்துவிடும். முன்கூட்டியே மடித்து, ஊசி குத்தி, அயர்ன் பண்ணி வைத்தால் பாவாடை மாதிரிச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று மலர் சாப்பாட்டு மேசையில் அந்தச் சேலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மடிப்பு நாலரை அங்குலம், அடுத்தது ஐந்தேகால். எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆலையிலிருந்து கொண்டுவந்த இரும்பு அளவுகோலை எடுத்து வந்தேன்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரோ? ஆம்பிளை சேலை மடிக்கிறதோ?"

ஏழு மடிப்பு. ஒவ்வொன்றும் ஐந்து அங்குலம். மயிரிழை பிசகில்லை. மலர் சேலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ" என்றாள்.

பெப்ரவரி 18, ஞாயிறு

நேற்றுச் சடங்கில் ஐந்தாறு பெண்கள் மலரைச் சூழ்ந்துகொண்டு, சேலையை மடித்தது யார் என்று கேட்டார்கள். "நான்தான்" என்றாள். நான் பக்கத்தில் வடையும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. வடை பழுதாக இருந்திருக்கலாம்.

இன்று முதல் அறிக்கை. "இந்த இரண்டு கிழமையில் வேலை செய்தீர்களா? சொந்தத் தொழிலும் இதில் அடங்கும்." இல்லை. "திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்குப் போகத் தயாராக இருந்தீர்களா?" ஆம்.

இந்தக் கேள்வியை எழுதியவனும் ஒருவரையும் நம்பாதவன்தான்.

பெப்ரவரி 27, செவ்வாய்

இந்தக் கிழமை ஆறு சேலை வந்தது. எல்லாம் மலரின் பெயருக்கு வந்தவை. அவள் வேலைக்குப் போன பிறகு, யன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு நான் மடிக்கிறேன். துணிக்கு நீராவி காட்டும் யந்திரம் ஒன்று வாங்கினேன். உறையில் ஒட்ட "மலர் சேலை மடிப்பகம்" என்று லேபல் அடித்தேன்.

இது வேலையா? ஒரு மனிதன் தன் வீட்டில், தன் மேசையில் சேலை மடிப்பது வேலையா? சேலைகள் மற்றவர்களுடையவை, அது வேறு விஷயம்.

இப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த டயறி யாருடைய கையிலாவது அகப்பட்டால் என் கதை முடிந்தது. இனிமேல் சேலை என்று எழுதமாட்டேன். புத்தகம் என்று எழுதுவேன்.

மார்ச் 1, வெள்ளி

எட்டுப் புத்தகம் மடித்தேன். பட்டுப் புத்தகம் வழுக்குகிறது. ஜரிகை வைத்த புத்தகத்துக்கு மெல்லிய சூடு போதும்.

மதியம் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சத்தம். கர்ர் என்று தொடங்கி, நின்று, மறுபடி கர்ர். கதவைத் தட்டிக் கேட்டேன். ரூபன் கதவை ஒரு சாண் அளவுக்குத்தான் திறந்தான்.

"வொஷிங் மெசின் அண்ணை."

வொஷிங் மெசின் என் பொறுப்பில் மேல்தட்டில் இருக்கிறது. கீழே கிடையாது. இவன் எதையோ மறைக்கிறான். மேலே நான் நடப்பது, யந்திரம் சீறுவது எல்லாம் அவனுக்குக் கேட்கும். என்னைப் பதிவு பண்ணுகிறானோ?

மார்ச் 3, ஞாயிறு

இல்லை. ஆம்.

மார்ச் 5, செவ்வாய்

மனம் ஒரு நிலையில் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று அலுவலகத்தையே கேட்டுத் தெளிந்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஆனால் எனக்கென்று கேட்டால் பிடித்துவிடுவார்கள். ஆகவே, எனக்குத் தெரிந்த ஒருவருக்காகக் கேட்டேன். எங்கள் ஆட்கள் டொக்டரிடம், வக்கீலிடம், சாத்திரியிடம் கேட்பதெல்லாம் இப்படித்தானே? மூலவியாதிக்கு மருந்து கேட்கிறவன் எவன் தனக்கென்று கேட்டிருக்கிறான்?

நாற்பது நிமிடம் இசை கேட்க வைத்தார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள். முதலில் என் காப்புறுதி எண், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் கேட்டாள். சொன்னேன், மறைக்க என்ன இருக்கிறது? பிறகு என் இருபத்தொரு வருட ஆலை ஆங்கிலத்தில் தெளிவாகக் கேட்டேன். எனக்குத் தெரிந்த ஒருவர் இந்தக் காசு எடுக்கிறார், வீட்டில் சின்னதாக ஒரு தொழில் தொடங்கியிருக்கிறார், அறிக்கையில் இல்லை என்று போட்டால் பிழையா?

"அந்தத் தொழிலை நீங்கள் நேரில் கண்டிருக்கிறீர்களா?"

"ஒவ்வொரு நாளும் காண்கிறேன்."

"அப்படியென்றால் பக்கத்திலா இருக்கிறார்?"

அவளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. குரலிலேயே தெரிந்தது. எங்கள் வீட்டுக் கீழ்த்தட்டில் என்று சொன்னேன். பெயர் கேட்டாள். ஒரு பெயர் சொல்லத்தானே வேண்டியிருந்தது? சொன்னேன். எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள் என்றாள். அதையும் சொன்னேன். ஆளாளுக்கு நிலைமை வேறு, அந்த நண்பரையே எங்களோடு பேசச் சொல்லுங்கள் என்று நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டாலும் தப்பிவிட்டேன். என் பெயரில் ஒரு கீறல் இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

இல்லை. ஆம். இந்தக் கிழமை பதினொரு புத்தகம்.

மார்ச் 21, வியாழன்

இரு வீட்டுக்கும் ஒரே தபால் பெட்டி. இன்று அதில் அரசாங்க முத்திரையோடு ஒரு கடித உறை. எனக்குத்தான் என்று நினைத்தேன். பார்த்தால், அருமைத்துரை நிமலரூபன். ரூபனின் முழுப் பெயர்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவனுக்கு அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வருவானேன்? வெதுப்பகத்தில் ரொட்டி சுடும் வேலை என்று சொல்லித்தான் வாடகைக்கு வந்தான். ஆனால் அவனுடைய வான் கிறிஸ்மஸிலிருந்து நின்ற இடத்தில் நிற்கிறது. வேலைக்குப் போகாதவன் வாடகை மட்டும் எப்படித் தருகிறான்? யாரோ கொடுக்கிறார்கள். எதற்குக் கொடுக்கிறார்கள்? முழு நாளும் வீட்டிலைதானோ என்று அன்றைக்கே கேட்டவன் அல்லவா?

உறையை அவனுடைய கதவடியில் வைத்தேன். இப்போது எல்லாம் பொருந்துகிறது.

மார்ச் 23, சனி

மலரை இருத்தி வைத்துக் கேட்டேன். "கீழை இருக்கிறவனுக்கு நீர் ஏதும் சொன்னீரோ?"

"நான் ஏன் சொல்லுறன்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மடியிலை கனமில்லாட்டி வழியிலை பயமேன்? சேலை மடிக்கிறன் எண்டு உள்ளதை எழுதிவிடுங்கோவன்."

"ஆம்பிளை சேலை மடிக்கிறன் எண்டு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுக்கிறதோ?"

"உதுதான் உங்கடை வருத்தம். காசு போகுமெண்டதில்லை. சேலை எண்டு எழுதக் கைகூசுது."

பெண்களுக்குச் சட்டம் விளங்குவதில்லை.

மார்ச் 27, புதன்

நான்கு நாளாகக் கீழே சத்தம் இல்லை. இன்று பனி தள்ளிக்கொண்டிருந்தபோது ரூபன் தானாக வந்து மற்ற மண்வெட்டியை எடுத்தான். பாதி வழி தள்ளிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அண்ணை, உங்களுக்கு அந்தக் காசு ஒழுங்கா வருதோ?"

"எந்தக் காசு?"

"வேலையில்லாத காசு. அவை ஆக்களை விசாரிக்கிறவையோ? வீட்டுக்கு வருவினமோ?"

உளவு பார்க்கிறவனுக்கு இவ்வளவு துணிச்சல். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி உள்ளே வந்து கதவைப் பூட்டினேன். அவன் மிச்சப் பனியையும் தனியாகத் தள்ளி முடித்தான். நல்லவன் மாதிரி நடிப்பும் உண்டு.

மார்ச் 31, ஞாயிறு

இல்லை. ஆம். ஆனால் கேள்வியை இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ரூபனை வெளியே போகச் சொல்லிவிட்டேன். மச்சானின் மகன் படிக்க வருகிறான், இடம் தேவை என்றேன். மச்சானுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். சண்டை பிடிப்பான், சட்டம் பேசுவான், அப்போது முகமூடியைக் கழற்றலாம் என்று நினைத்திருந்தேன். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சரி அண்ணை. இப்பிடி வருமெண்டு தெரியும். இந்த மாதத்துக்கை ஒரு இடம் பாக்கிறன்."

இப்பிடி வருமெண்டு தெரியும் என்றால் என்ன அர்த்தம்?

ஏப்ரல் 9, செவ்வாய்

சேலை எடுக்க ஒரு பெண் வந்தாள். (புத்தகம் என்று எழுதி அலுத்துவிட்டது.) ஒரு கையில் நான் கொடுத்த சேலை உறை, மறு கையில் ஒரு பெரிய மா அரைக்கும் கிரைண்டர். மூச்சு வாங்கினாள்.

"அண்ணை, கீழை இருக்கிற தம்பி நிக்கிறாரோ? மோட்டார் பிடிச்சுப்போச்சு. போன முறை அவர்தான் திருத்தித் தந்தவர்."

"எந்தத் தம்பி?"

"ரூபன். ஊரிலையிருந்து வந்த மிக்சி, கிரைண்டர் எல்லாம் அவர் திருத்துவார். உங்களுக்குத் தெரியாதோ? வெதுப்பகத்திலை நிப்பாட்டினாப் பிறகு இதைத்தான் செய்தவர். கிழமைக்கு ஒண்டோ ரெண்டோ வருமெண்டு சொன்னவர்."

அந்தக் கர்ர் சத்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இப்ப செய்யிறாரோ தெரியேல்லை," என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "பாவம், அவருக்கு வந்துகொண்டிருந்த காசை மறிச்சுப்போட்டாங்கள். ஊரிலை மனிசியும் கைக்குழந்தையும். ஆரோ போன் எடுத்துச் சொல்லிப்போட்டினமாம், கீழ்வீட்டிலை இருந்து தொழில் செய்யிறான் எண்டு. விலாசம், பேர் எல்லாம் குடுத்து. எங்கடை சனத்திலைதான் ஆரோ. நல்லாயிருப்பினமே?"

சேலையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 10, புதன்

இன்று ஒன்றும் மடிக்கவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

ரூபன் என்ற பெயரில் இந்த ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். நான் சொன்னது ரூபன் என்று மட்டும்தான். நிமலரூபன் என்று அவர்களாகக் கண்டுபிடித்திருந்தால் அது என் பிழையா? தவிர, அவன் கிரைண்டர் திருத்துகிறான் என்று எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் சொன்னது எப்படிக் காட்டிக்கொடுப்பது ஆகும்?

பெயரைச் சொன்னபோது அவன் வாசலில் குப்பைத் தொட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். யன்னலால் பார்த்தேன். அதனால்தான் அந்தப் பெயர் வாயில் வந்தது.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. மலர் பொங்கிக் கீழேயும் கொடுத்துவிட்டாள். மத்தியானம் ரூபன் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு மேலே வந்தான். வெறும் பாத்திரம் கொடுக்கக்கூடாது என்று உள்ளே இரண்டு தோடம்பழம் வைத்திருந்தான். கையில் அந்தக் கடிதம்.

"அண்ணை, வியாழக்கிழமை கந்தோருக்கு வரச் சொல்லியிருக்கினம். எனக்கு இங்கிலீஸ் ஓடாது. போனிலை மொழிபெயர்க்க ஆள் வைப்பினமாம். எண்டாலும் வீட்டுக்காரர் ஒருத்தர் வந்து, நான் கீழை கடை நடத்தேல்லை, கிழமையிலை ரெண்டு மணித்தியாலம் ஏதோ நோண்டுறன் எண்டு சொன்னால் நம்புவினம். உங்களைத் தவிர எனக்கு ஆரையும் தெரியாது."

வெளியே போ என்று சொல்லிப் பன்னிரண்டு நாள். அதை அவன் வாயால் எடுக்கவில்லை. மலர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் முப்பது வருடமாகச் சேர்ந்திருப்பவளிடம் என்னத்தை மறைக்க?

"வாறன்" என்றேன்.

அறிக்கைப் பக்கத்தைத் திறந்தேன். பதில் சொல்லாமல் மூடிவிட்டேன்.

ஏப்ரல் 18, வியாழன்

அலுவலகத்தில் ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப்பக்கம் அதிகாரி, வெள்ளைக்காரர், என் வயதிருக்கும். மேசை நடுவில் தொலைபேசி. அதற்குள் தமிழ் மொழிபெயர்ப்பாளர், ஒரு பெண்குரல். ரூபன் சவரம் செய்து, கழுத்துப் பட்டி கட்டி வந்திருந்தான். கழுத்துப் பட்டி யாருடையதோ. நீளமாக இருந்தது.

கிழமையில் எத்தனை மணி? எவ்வளவு முதல் போட்டீர்கள்? விளம்பரம் உண்டா? வேறு வேலை தேடுகிறீர்களா? ஒவ்வொன்றுக்கும் ரூபன் எழும்பி எழும்பிப் பதில் சொன்னான். இருந்து சொல்லலாம் என்று தொலைபேசி சொன்னது. ஒரு ஸ்குரூ டிரைவர் செட்டைத் தவிர அவன் எதுவும் வாங்கவில்லை. நான் நீராவி யந்திரத்தை நினைத்துக்கொண்டேன். லேபலை நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி ஒரு தாளைப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் தொழில் நடப்பதாக எங்களுக்குத் தகவல் வந்திருக்கிறது என்றார். யார் சொன்னது என்று ரூபன் கேட்டான். சொல்ல முடியாது என்றார். ரூபன் தலையைக் குனிந்துகொண்டான். அதிகாரி என் பக்கம் திரும்பி, வீட்டுக்காரர் என்ற முறையில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். ஆலை ஆங்கிலம் போதும். ரூபனுக்கு விளங்காது. மொழிபெயர்ப்பாளர் அவனுடைய பேச்சை மாற்றத்தான் இருந்தாளே தவிர என்னுடையதை அல்ல. அவனுடைய விஷயம் சரிவரும், என்னுடையது அந்த அறையோடு போய்விடும். வாயைத் திறக்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். வந்தது தமிழ்.

"அந்த போன் எடுத்தது நான்தான். சொன்னது இவரைப் பற்றியில்லை. என்னைப் பற்றி. நான் சேலை மடிக்கிறனான். ஒவ்வொரு நாளும். பயத்திலை இவரின்ரை பேரைச் சொல்லிப்போட்டன்."

அதிகாரி தொலைபேசியைப் பார்த்தார்.

"ஐயா," என்றாள் அந்தப் பெண், "இதை நான் அப்பிடியே மொழிபெயர்க்கட்டோ?"

"ஓம் பிள்ளை. அப்பிடியே சொல்லும்."

அவள் சொல்லி முடிக்கும்வரை நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரூபன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது பார்க்காமலே தெரிந்தது. அதிகாரி கோபிக்கவில்லை. தொழில் சின்னதாக இருந்து, வேறு வேலையும் தேடிக்கொண்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கலாமே, கிடைத்த வருமானத்துக்குத் தக்கபடி கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்திருப்போமே என்றார். பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் திருத்திக் கொடுக்க வேண்டும், கொஞ்சக் காசு திருப்பிக் கட்ட வேண்டிவரும், இது எச்சரிக்கை என்றார். இல்லை என்று ஒரு சொல்லைப் போடுவதற்கு நான் பட்ட பாட்டில், ஆம் என்று பத்துத் தடவை போட்டிருக்கலாம்.

காரில் நாற்பது நிமிடம். ரூபன் பின் இருக்கையில் ஏறினான். முன்னுக்கு வா தம்பி என்றேன். பரவாயில்லை என்றான். வீட்டு வாசலில் இறங்கியபோது அழுதுவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கேவலமாக இருந்தது.

"தம்பி, நீர் போகத் தேவையில்லை. மச்சானின்ரை மகன் எண்டது பொய்."

"தெரியும் அண்ணை," என்றான். "நான் போறன்."

ஏப்ரல் 28, ஞாயிறு

வேலை செய்தீர்களா? ஆம். என்ன வேலை? சேலை மடித்தல். எத்தனை மணித்தியாலம்? பதினாறு. மலர் பக்கத்தில் நின்று தட்டச்சுப் பிழை பார்த்தாள். லேபலில் என் பெயரையும் சேர்க்கச் சொல்கிறாள். சேர்க்கலாம்.

ரூபனுக்கு மறித்த காசு வெள்ளிக்கிழமை வந்துவிட்டதாம். நேற்று அவனுடைய சாமானெல்லாம் வானில் ஏறின. பத்துப் பெட்டிகூட இல்லை. நான் ஒரு பெட்டியைத் தூக்கப் போனேன். பாரம் அண்ணை, விடுங்கோ என்று வாங்கிக்கொண்டான். கீழ்க்கதவின் திறப்பை என் கையில் தராமல் சமையலறை மேசையில் வைத்தான். கீழ்த்தட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

கடிதங்கள் வந்தால் அனுப்ப வேண்டுமே, எங்கே போகிறான் என்று மலரிடம் கேட்டேன். புது விலாசத்தை அவளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறான். அண்ணைக்கு மட்டும் காட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.